மேற்கு வெயிலும் வீட்டு ஜன்னலும்: மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஜன்னல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்களும் பழைய ஜன்னலை மாற்ற நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் சென்னை, கடலூர், மதுரை, திருச்சி போன்ற வெயில் ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலை ஊர்களுக்கான பதில் தனியாக இருக்கிறது.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஜன்னல் என்றால் என்ன?

வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டு, வெயிலின் சூட்டை இயன்றவரை வெளியிலேயே நிறுத்தும் ஜன்னல். கண்ணாடி, ஃபிரேம், இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங், மேலே இருக்கும் சன்ஷேட், சுவரில் பொருத்திய விதம் ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஜன்னல் ஆகிறது. விலை உயர்ந்த கண்ணாடியை வாங்கி, வளைந்த அலுமினிய ஃபிரேமில் மாட்டி, சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளியை விட்டுவிட்டால், கொடுத்த பணத்தில் பாதி அந்த இடைவெளி வழியாகவே போய்விடும்.

சூடு ஜன்னல் வழியாக எப்படி உள்ளே வருகிறது?

இரண்டு வழிகளில் வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முதல் வழி, நேரடி வெயில். சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தோடு சேர்த்து இந்தக் கதிர்களில் பெரும்பகுதியையும் உள்ளே விட்டுவிடும். அவை தரையிலும் கட்டிலிலும் அலமாரியிலும் பட்டு அவற்றைச் சூடாக்கும். சூடான பொருள்கள் திருப்பி உமிழும் நீண்ட அலைக் கதிர்களோ கண்ணாடியைக் கடந்து வெளியேற முடியாது. வெயிலில் மூடி நிறுத்திய கார் கொதிப்பதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவது வழி, கடத்தல். வெளியே 38 டிகிரியும் உள்ளே 26 டிகிரியும் இருந்தால், வெயில் படாத ஜன்னலிலும் அந்த 12 டிகிரி வித்தியாசம் கண்ணாடி வழியாகச் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும்.

முதல் வழியை அளக்கும் எண் எஸ்எச்ஜிசி. ஜன்னலில் விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். 6 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடிக்கு அது சுமார் 0.82. இரண்டாவது வழியை அளக்கும் எண் யு-மதிப்பு. அதே கண்ணாடிக்கு அது சுமார் 5.7, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக 5.7 வாட். இரண்டு எண்களுமே குறைவாக இருப்பது நல்லது.

இரட்டைக் கண்ணாடி போட்டால் போதும் என்கிறார்களே, அது சரியா?

நடுவில் அடைபட்ட இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்ததுதான் இரட்டைக் கண்ணாடி. நம் ஊருக்கு அது மட்டும் போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கணக்கோடு சொல்கிறேன்.

மேற்கு நோக்கிய படுக்கையறையில் 6 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 2.2 சதுர மீட்டர். மாலை நான்கு மணி வெயில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 500 வாட் விழுவதாக, சற்றுக் குறைத்தே, கணக்கிடுவோம். சாதாரண ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் நேரடி வெயிலால் 900 வாட்டும், மேலே சொன்ன 12 டிகிரி வித்தியாசத்தில் கடத்தலால் 150 வாட்டும் உள்ளே வரும். மொத்தம் 1,050 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடு சுமார் 3,500 வாட் என்பதால், அந்த ஏசியின் திறனில் முப்பது சதவீதத்தை இந்த ஒரே ஜன்னல் தின்றுவிடுகிறது.

இப்போது அதே இடத்தில் பூச்சு எதுவும் இல்லாத இரட்டைக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கடத்தல் 150 வாட்டிலிருந்து பாதியாகக் குறையும். ஆனால் இரண்டு கண்ணாடியும் தெளிவானவை. வெயிலுக்கு அவை பெரிய தடையே அல்ல. நேரடி வெயில் இன்னும் 800 வாட் அளவுக்கு உள்ளே வந்துகொண்டிருக்கும். எஸ்எச்ஜிசி 0.28 அளவில் உள்ள, சூரிய வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடியானால் மொத்தமே 350 வாட் அளவுக்கு இறங்கிவிடும்.

பனி விழும் நாடுகளில் உள்ளே இருக்கும் கதகதப்பு வெளியேறாமல் இருக்க வேண்டும் என்பதால் அங்கே யு-மதிப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே அச்சடித்த விளம்பரத்தை அப்படியே தமிழில் மாற்றி நம்மிடம் நீட்டும்போது, வெயிலைப் பற்றிய எண் காணாமல் போய்விடுகிறது. நாம் முதலில் கேட்க வேண்டியது எஸ்எச்ஜிசியை.

லோ-ஈ கண்ணாடி என்பது என்ன?

கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி. பெரும்பாலும் வெள்ளிப் படலமே பூசப்படுகிறது. சாதாரணக் கண்ணாடி தன் சூட்டை மிகத் தாராளமாக உமிழும். இந்தப் பூச்சு அந்த உமிழ்வை வெகுவாகக் குறைக்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குளிர்நாட்டு வகை. வெயிலை உள்ளே விட்டு, அறையின் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். இன்னொன்று சூரிய வெப்பத்தையும் தடுக்கும் வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது. இரண்டையும் லோ-ஈ என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். எனவே எஸ்எச்ஜிசி எண்ணை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரட்டைக் கண்ணாடியில் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில், அதாவது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது பரப்பில், அது இருக்க வேண்டும். அப்போதுதான் சூடு வெளிக்கண்ணாடியோடு நின்று வெளியே போகும்.

பூச்சு உண்மையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இருட்டிய பிறகு கண்ணாடிக்கு அருகே ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்துச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் வரிசையாகத் தெரியும், ஒவ்வொரு பரப்புக்கும் ஒன்றாக. பூச்சு இருந்தால் அந்த நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில், இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, இருக்கும். அது எத்தனையாவது சுடர் என்பதை வைத்துப் பூச்சு எந்தப் பரப்பில் இருக்கிறது என்றும் அறியலாம்.

கறுப்புக் கண்ணாடி, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி உதவுமா?

நிறம் கலந்த கண்ணாடி வெயிலை உறிஞ்சித்தான் குறைக்கிறது; உறிஞ்சிய சூடு அந்தக் கண்ணாடியிலேயே தங்குகிறது. மாலையில் அதன் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனால், தொடுவதற்கு முன்பே அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற அனல் தெரியும். அந்த அனலில் ஒரு பகுதி அறைக்குள்தான் வருகிறது. வெளிச்சம் குறைவதால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியும் வரும்.

நல்ல தரமான சூரியத் தடுப்பு ஃபிலிம், இருக்கும் கண்ணாடியை மாற்ற முடியாதவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஒரு எச்சரிக்கை மட்டும்: டஃபன்டு செய்யாத, அதாவது சூடாக்கி வலுவேற்றாத, சாதாரணக் கண்ணாடியில் அதிகம் உறிஞ்சும் ஃபிலிமை ஒட்டினால், நடுப்பகுதி சூடாகி, ஃபிரேமுக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருக்க, அந்த இழுபறியில் கண்ணாடி விளிம்பிலிருந்து விரிசல் விடலாம். உறிஞ்சும் வகையை விட்டு, திருப்பி அனுப்பும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லா ஜன்னலையும் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. திசையைப் பார்த்துச் செலவிடுங்கள்.

தெற்கு ஜன்னலைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். சென்னையில் டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி நீட்டிய சன்ஷேட் இருந்தால், 4 அடி உயர ஜன்னலில் மேல் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதியில் நிழல் விழும். கோடையிலோ சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால், தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் விழுவதே இல்லை. அங்கே சாதாரணக் கண்ணாடியே போதும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பது இந்தியாவின் வடபகுதிக்கு ஓரளவு பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயில் நாள்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் அடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே உள்ள சன்ஷேடோடு, பக்கவாட்டில் ஒரு மறைப்புச் சுவர் இருந்தால் இது தீரும்.

உண்மையான தொல்லை கிழக்கும் மேற்கும்தான். சூரியன் தாழ்ந்து நேருக்கு நேர் அடிப்பதால் சன்ஷேட் அங்கே பயன்படாது. கிழக்கு வெயில், வீடு இரவெல்லாம் ஆறிய பிறகு வருவதால் ஓரளவு தாங்கலாம். மேற்கு வெயில், மொட்டை மாடியும் சுவரும் ஏற்கெனவே காய்ந்துபோயிருக்கும் நேரத்தில் வருகிறது. அது சுவரில் ஏற்றிவிட்ட சூடு நள்ளிரவுவரை இறங்காது. கையில் இருக்கும் பணம் ஒரு ஜன்னலுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் அதை மேற்குப் படுக்கையறை ஜன்னலுக்குச் செலவிடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் மேற்கில் ஜன்னலைச் சிறிதாக்கி, கழிவறையையோ படிக்கட்டையோ அந்தப் பக்கம் வைத்துவிட்டால் இந்தச் செலவே மிச்சமாகும்.

கனமான திரைச்சீலை போட்டால் ஆகாதா?

திரைச்சீலைக்கு வந்து சேரும்போதே வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. சீலை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே செலவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் வெயிலில் பெரும்பகுதி கண்ணாடியைத் தொடவே தொடாது. தாழ்வாரத்திலும் திண்ணையிலும் தட்டி கட்டிய நம் பெரியவர்கள் செய்தது இயற்பியல்படி மிகச் சரியான வேலை. பால்கனி உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த யோசனை என்னிடம் இல்லை.

ஃபிரேம் எதில் இருக்க வேண்டும்?

அலுமினியம் சூட்டை மிக வேகமாகக் கடத்தும். யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும் மரமும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். ஏசி போடும் அறைக்கு யூபிவிசி நல்ல தேர்வு. கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காதது அதன் கூடுதல் நன்மை. ஆனால் உள்ளே வைக்கும் இரும்புப் பட்டைக்கும் திருகுக்கும் கால்வனைஸ் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். அலுமினியம்தான் வேண்டும் என்றால், உள்பக்க உலோகத்தையும் வெளிப்பக்க உலோகத்தையும் நடுவில் பாலிஅமைடு என்ற, சூட்டை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக் பட்டையால் பிரித்த வகை கிடைக்கிறது. உலுத்துப்போகாத பழைய தேக்கு ஜன்னலைக் கழற்றி எறிய வேண்டாம். நல்ல ஆசாரி ஒருவர் அதில் பீடிங்கும் புதுக் கண்ணாடியும் பொருத்தித் தருவார்.

ஸ்லைடிங் ஜன்னலா, திறந்து மூடும் கதவா?

திறந்து மூடும் கதவு. காரணம் இரண்டு. ஸ்லைடிங்கில் எப்போதும் பாதி மூடியே இருக்கும். திறக்கும் கதவு தொண்ணூறு சதவீதம் காற்றுக்கு வழிவிடும். அதோடு, மூடும்போது கதவு ரப்பர் பீடிங்கின்மேல் அழுந்தி உட்கார்வதால் ஏசிக் குளிர்ச்சி கசியாது. ஸ்லைடிங்கில் இருப்பது பெரும்பாலும் தேய்ந்துபோகும் பிரஷ் முடிதான்.

ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பழந்தமிழ்ச் சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும், சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும் என்கிறது. ஸ்லைடிங் போட்டால் ஜன்னல் பரப்பில் பாதியைத்தான் இந்தக் கணக்கில் சேர்க்க முடியும்.

மின்கட்டணம் எவ்வளவு குறையும்?

மேலே பார்த்த மேற்குப் படுக்கையறைக் கணக்கையே தொடர்கிறேன். 1,050 வாட் 350 ஆகக் குறைந்தால் மிச்சம் 700 வாட் சூடு. பிற்பகல் மூன்றரை மணி நேரம் அந்த வெயில் அடித்தால் ஏறக்குறைய 2.5 யூனிட் அளவுக்கான சூடு. ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூட்டை வெளியேற்றும் என்பதால், மின்சாரத்தில் மிச்சமாவது ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதக் கணக்கில் 50 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் ஏசி ஓடும் வீட்டுக்குத்தான் இது பொருந்தும். நம் கட்டணம் அடுக்கு முறையில் இருப்பதால், மிச்சமாகும் யூனிட்டுகள் அதிக விலையுள்ள மேல் அடுக்கிலிருந்து கழியும் என்பது ஓர் ஆறுதல்.

ஒரே ஜன்னலை மாற்றிவிட்டு, மின்கட்டணம் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து சரியாக இருந்தால் ஒன்றரை டன் ஏசி போட வேண்டிய அறைக்கு ஒரு டன் போதும் என்ற நிலை வரக்கூடும். அந்தச் சேமிப்பு பெரியது. கண்ணாடியிலிருந்து அனல் அடிக்காததால் 24 டிகிரிக்குப் பதில் 26 டிகிரியிலேயே உடல் நிம்மதியாக இருக்கும். ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய ஆற்றல் திறன் செயலகம் சொல்கிறது.

ஏசியே இல்லாத வீட்டுக்கு இது தேவையா?

விலையுயர்ந்த கண்ணாடி தேவையில்லை. நிழல் கட்டாயம் தேவை. பகல் முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் யு-மதிப்புக்குப் பொருளே இல்லை. வெளியே தட்டி, எதிரெதிரே இரண்டு ஜன்னல், இரவில் காற்று வந்து போகும் வகையில் நல்ல கொசுவலை ஆகிய மூன்றும் போதும். வலையில் தூசி அடைத்துக்கொண்டால் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

விடியற்காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர்த்துளி கோத்து நிற்கிறதே, ஏன்?

இரவெல்லாம் ஏசி ஓடிய அறையின் ஒற்றைக் கண்ணாடி நன்றாகக் குளிர்ந்திருக்கும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. குளிர்நீர்ச் சொம்பு வியர்ப்பதும் இதுதான். கண்ணாடியில் கோக்கும் ஒவ்வொரு துளியும், நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கிய குளிர்ச்சி வெளியே போவதற்குச் சாட்சி. இரட்டைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் அவ்வளவு குளிராது என்பதால் இது பெரிதும் குறையும்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் பனி படர்ந்தால் அது வேறு விஷயம். விளிம்பில் உள்ள அடைப்பு உடைந்துவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலுக்கு மூன்றாவது மழைக்காலத்தில் இப்படி ஆனது. எவ்வளவு துடைத்தும் போகாத அந்த வெண்படலத்தை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் மாறி மாறித் துடைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதைப் பழுதுபார்க்க முடியாது; கண்ணாடியையே மாற்ற வேண்டியிருந்தது. அடைப்புக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை நாங்கள் எழுதி வாங்கியிருக்கவில்லை. நீங்கள் வாங்குங்கள்.

வேறு நன்மைகள் உண்டா?

சாலையோர வீடுகளில் சத்தம் நன்றாகக் குறையும்; இதற்கு இரட்டைக் கண்ணாடியைவிட, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும் இறுக்கமான பீடிங்கும் முக்கியம். அந்தப் படலம் புற ஊதாக் கதிர்களில் 99 சதவீதத்தைத் தடுப்பதால் சோஃபாத் துணியும் புகைப்படங்களும் விரைவில் வெளுக்காது. தூசியும் குறையும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதே ஜன்னல்தானா?

அங்கே கணக்குத் தலைகீழ். பகல் வெயில் உள்ளே வரட்டும், இரவில் அந்தக் கதகதப்பு வெளியேறக் கூடாது. தெற்கு நோக்கிய பெரிய ஜன்னல், எஸ்எச்ஜிசி அதிகமான தெளிவான கண்ணாடி, குறைந்த யு-மதிப்பு: மலை ஊருக்கு இவைதான் வேண்டும். அங்கே இரட்டைக் கண்ணாடிக்குச் செலவிடும் பணம் நன்றாகவே திரும்பி வரும்.

பொருத்தும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

கண்ணாடி எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் பலன் போய்விடும். ஸ்டிக்கரைக் கிழிப்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெறும் சிமென்ட் பூசி மூடாமல், நுரை அடைத்து, வெளிப்பக்கம் மழைக்குத் தாங்கும் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். ஃபிரேமின் அடிப்பகுதியில் மழைநீர் வெளியேறும் சிறு துளைகள் இருக்கும். பூச்சு வேலை செய்பவர் அவற்றை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும், காற்று வீசும் நேரமாகப் பார்த்து ஜன்னலை இறுக மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி ஃபிரேமின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் சரி. ஏதாவது ஒரு மூலையில் அது சட்டென்று வளைந்தால் அங்கே கசிவு இருக்கிறது. ஆட்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே அந்த மூலையைக் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.